தொட்டா கத்துது, விட்டா கேக்கல: மீட்டிங் ரூம் வால்யூமுக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, ஆபீஸ்ல ஏவி சப்போர்ட் வேலைக்கு வந்துட்டா சீக்கிரமே உன் காதுல விழப்போற புகார் ஒண்ணு இருக்கு. "அந்த டச் பேனல் ரொம்ப சென்சிட்டிவ்வா இருக்குப்பா. லேசா தொட்டா கத்துது, கொஞ்சம் குறைச்சா ஒண்ணுமே கேக்கல." இதைக் கேட்டதும் நிறைய பேர் கண்ணாடியைத் துடைப்பாங்க, பேனலை ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, அதுக்கும் அடங்கலைன்னா "பேனலை மாத்தணும் சார்"னு மெயில் தட்டிடுவாங்க. நீ அவசரப்படாதே. கண்ணாடி குற்றவாளியா இருக்கிறது ரொம்ப அபூர்வம். பேனல் அனுப்புறது வெறும் ஒரு எண். அதை வாங்கிக்கிற கன்ட்ரோல் புராசஸர், டெசிபலா மாத்துற டிஎஸ்பி, கடைசியில சத்தமாப் பெருக்குற ஆம்ப், இந்த மூணுல எங்கேயோதான் கணக்கு தப்பியிருக்கும். ரூம்ல இருக்கிறவங்களுக்கு நிஜமாவே தேவைப்படுற சத்தம் ஸ்லைடரோட ஒரு மூலையில நசுங்கிக் கிடக்கும். அதை இழுத்து முழு நீளத்துக்கும் பரப்பி வைக்கிறதுதான் உன் வேலை.

முதல்ல நீ எதையும் தொடாதே. புகார் சொன்னவரையே ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், எப்பவும் செய்யற மாதிரி செஞ்சு காட்டச் சொல்லு. நீ பக்கத்துல நின்னு அவர் விரலைப் பாரு. ஸ்லைடரைப் பிடிச்சு இழுக்கறாரா, இல்ல நடுவுல எங்கேயோ ஒரு தட்டு தட்டறாரா? பிளஸ், மைனஸ் பட்டனா இருந்தா ஒரு தடவை அமுக்கி எடுக்கறாரா, அமுக்கியே பிடிக்கறாரா? விரல் நகர்ற அதே நேரத்துல சத்தம் மாறுதா, கொஞ்சம் தாமதிச்சு வருதா? அப்புறம் ஒரு கேள்வி கேளு. "சத்தம் உங்களுக்குச் சரியா இருக்கும்போது ஸ்லைடர் எந்த இடத்துல நிக்கும்?" நான் எந்த ரூமுக்குப் போனாலும் முதல்ல கேக்கறது இதைத்தான். அடிமட்டத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும்னு சொன்னா, பேனலுக்குப் பிறகு வர்ற ஏதோ ஒண்ணு தேவைக்கு மேல பெருக்குதுன்னு அர்த்தம். உச்சிக்குப் போனாத்தான் கேக்கும்னா, முன்னாடி எங்கேயோ சத்தம் பலவீனமா வருது.

அடிமட்டத்துல நிக்கிற கேஸ்தான் உனக்கு அதிகம் வரும். ரூம் போட்ட அன்னைக்கு யாரோ ஆம்ப் குமிழை வலது பக்கம் முழுசாத் திருகி வெச்சிட்டுப் போயிருப்பாங்க. இல்லைன்னா டிவியோட சொந்த வால்யூம் 100ல இருக்கும். மொட்டை மாடித் தொட்டியிலருந்து வர்ற கேட் வால்வு முழுசாத் திறந்திருந்தா, சமையலறைக் குழாயைத் தொட்டதும் பீச்சி அடிக்கும் பாரு, அதே கதைதான் இங்கேயும். குழாயை மாத்திப் பிரயோஜனம் இல்ல, வால்வைக் குறைக்கணும். டிஎஸ்பியில ஸ்லைடரோட அடி மைனஸ் 30 டெசிபல், அதுலயே ரூமுக்குப் போதுமான சத்தம் வருதுன்னு வெச்சுக்கோ. ஆம்ப்ல 18 டெசிபல் குறைச்சிடு. இப்போ அதே சத்தத்துக்கு டிஎஸ்பி மைனஸ் 12ல நிக்கும். ரூம்ல கேக்கிற சத்தம் மாறல, ஆனா மக்கள் கைவைக்கிற இடம் ஸ்லைடரோட விளிம்பை விட்டு உள்ளே வந்துடுச்சு. ஆம்ப்ல டெசிபல் அளவு அச்சடிச்சிருந்தா அதைப் பார்த்துத் திருகு. இல்லைன்னா டிஎஸ்பியோட அவுட்புட்ல அதே 18ஐக் குறைக்கலாம், கணக்கு ஒண்ணுதான். இப்படிக் குறைச்சா ஸ்பீக்கர்ல சும்மா இருக்கும்போது கேக்கிற 'ஸ்ஸ்' இரைச்சலைக் கவனி. ஆம்ப்ல குறைச்சா அதுவும் சேர்ந்து அடங்கும், டிஎஸ்பியில குறைச்சா ஆம்ப் பெருக்கற இரைச்சல் அப்படியேதான் இருக்கும். அதனால முடிஞ்ச வரைக்கும் ஆம்ப்லயே குறைன்னுதான் நான் சொல்லுவேன்.

ஒரு விரல் அகலத்துக்குள்ள என்ன நடக்குது

அடுத்தது டிஎஸ்பியில இருக்கிற வால்யூம் பிளாக்கோட எல்லை. பாதி ரூம்கள்ல கோளாறு இங்கேதான், ஆனா யாரும் திறந்து பார்க்கறதில்ல. பயாம்ப் டெசிராங்கிற டிஎஸ்பியில ஒரு லெவல் பிளாக்கை எடுத்துப் போட்டா அது மைனஸ் 100லருந்து பிளஸ் 12 வரைக்கும் போகும். கியூ-சிஸ்ல கெயின் பிளாக் மைனஸ் 100லருந்து பிளஸ் 20 வரைக்கும். புரோகிராம் எழுதினவர் இந்த எல்லையைத் தொடாம, பேனலோட 0 முதல் 100 சதவீதத்தை அப்படியே அதுமேல விரிச்சிருப்பார். கிரெஸ்ட்ரான் கன்ட்ரோல் சிஸ்டத்துல பேனல் அனுப்பற எண் 0லருந்து 65535 வரைக்கும், ஏஎம்எக்ஸ்ல பெரும்பாலும் 0லருந்து 255 வரைக்கும் இருக்கும். எண் எதுவா இருந்தாலும் நீளம் அதே நீளம்தான்.

இப்போ ஒரு ஸ்லைடர் 10 சென்டிமீட்டர் உயரம்னு வெச்சுக்கிட்டுக் கணக்குப் போடு. மைனஸ் 100லருந்து பிளஸ் 12 வரைக்கும் மொத்தம் 112 டெசிபல். பேச்சுச் சத்தத்துக்கு உண்மையில உதவறது மைனஸ் 30லருந்து 0 வரைக்கும் இருக்கிற 30 டெசிபல்தான். அது அந்த 10 சென்டிமீட்டர்ல 3 சென்டிமீட்டர்கூட இல்ல. கீழே இருக்கிற 6 சென்டிமீட்டரை இழுத்தா யாருக்கும் ஒண்ணும் கேக்காது. "வேலை செய்யலையே"ன்னு இன்னும் கொஞ்சம் ஏத்துவாங்க, திடீர்னு கத்தும். விரல் நுனி கண்ணாடியில படற இடமே சுமார் 1 சென்டிமீட்டர் இருக்கும். அந்த அகலத்துக்குள்ள 11 டெசிபல் அடங்கியிருக்கு. 10 டெசிபல் ஏறினா நம்ம காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காத் தெரியும். அப்படின்னா விரலை ஒரு சுத்து உருட்டினாலே சத்தம் இரட்டிப்பாகும். இந்த ஸ்லைடரை வெச்சுக்கிட்டு யார்தான் சரியா நிறுத்த முடியும்? "மெதுவாத் தொடுங்க சார்"னு சொல்லி அனுப்பறது அநியாயம்.

சரி பண்றது சுலபம். பிளாக்கோட மினிமம் மைனஸ் 30, மேக்ஸிமம் பிளஸ் 6னு வை. மொத்தம் 36 டெசிபல். அதே 1 சென்டிமீட்டருக்கு இப்போ 3.6 டெசிபல்தான். மேலே சொன்ன மாதிரி ஆம்பைக் குறைச்சிருந்தா, சரியான சத்தம் வர்ற மைனஸ் 12 இந்த எல்லைக்கு நட்ட நடுவுல வந்து உக்காரும். ஏத்தவும் இடம், இறக்கவும் இடம். ஆனா ஒண்ணு மறந்துடாதே. மினிமம் மைனஸ் 30ங்கிறதால ஸ்லைடரை அடிவரைக்கும் இழுத்தாலும் மெல்லிசாச் சத்தம் கேக்கும். அடிக்கு வந்ததும் மியூட் ஆகிற மாதிரி ஒரு வரி சேர்த்துடு. மியூட் பட்டனும் தனியா, பெருசா இருக்கட்டும்.

இதுக்கு நேர்மாறான கேஸும் உண்டு. புரோகிராம்ல டெசிபலே இல்லாம, சதவீதத்தை நேரா சிக்னலோட வோல்டேஜா மாத்தியிருப்பாங்க. அங்கே 1 சதவீதத்துலருந்து 2க்குப் போனா 6 டெசிபல் ஏறும். 50லருந்து 100க்கு இழுத்தாலும் அதே 6 டெசிபல்தான். மேல்பாதி முழுக்கச் சும்மா கிடக்கும், கீழே மட்டும் கை வைக்க முடியாது. நம்ம காது சத்தத்தைக் கூட்டிப் பார்க்கறதில்ல, மடங்காப் பார்க்குது. அதனால வால்யூம் கணக்கு எப்பவும் டெசிபல்லதான் நடக்கணும். வெண்டர்கிட்ட "ஸ்லைடர் டெசிபல்ல போகுதா, சதவீதத்துல போகுதா?"ன்னு கேளு. அவர் யோசிக்க ஆரம்பிச்சார்னா இடத்தைக் கண்டுபிடிச்சாச்சு.

தட்டினா குதிக்கிற ஸ்லைடர்

விரலைக் கவனிக்கச் சொன்னேனே, அது இதுக்குத்தான். சில ஸ்லைடர்கள்ல மேல்பக்கம் தெரியாம விரல் பட்டாலே வால்யூம் அந்த இடத்துக்குத் தாவிடும். 40ல இருந்தது ஒரே தட்டுல 90. மேஜைமேல படுக்கை வசமா இருக்கிற பேனல்ல பேப்பரை நகர்த்தும்போது முழங்கை பட்டாலும் இதே கதி. பேனல் டிசைன் பண்ற மென்பொருள்ல, குமிழைப் பிடிச்சு இழுத்தா மட்டும் நகர்ற மாதிரி வைக்க வழி இருக்கான்னு பாரு. இல்லைன்னா புராசஸர்ல தடுப்பு வை. ஒரே தடவையில 6 டெசிபலுக்கு மேல தாவச் சொன்னா, அதை அரை விநாடி ஒரு விநாடி எடுத்துக்கிட்டு மெதுவா ஏத்தணும். ஸ்லைடரை நீளமாக்க முடிஞ்சா நீளமாக்கு. லோகோவுக்குக் கொடுக்கிற இடத்தை வால்யூமுக்குக் கொடுக்கலாம்னு நான் எல்லா டிசைன் மீட்டிங்லயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஒரு நாள்ல அந்த ஸ்கிரீன்ல அதிகமா விரல் படற இடம் அதுதான்.

என்னைக் கேட்டா, மீட்டிங் ரூமுக்கு ஸ்லைடரே வேண்டாம்னுதான் சொல்லுவேன். பெரிய பிளஸ், பெரிய மைனஸ், நடுவுல அளவு காட்டற கோடு. கை நடுங்கற பெரியவங்க, கண்ணாடி போடாம வந்தவங்க, பேசிக்கிட்டே கை நீட்டறவங்க எல்லாருக்கும் பட்டன்தான் ஒத்துவரும்.

ஆனா பட்டன்லயும் கணக்கு இருக்கு. ஒரு அமுக்கலுக்கு 3 டெசிபல், அமுக்கியே பிடிச்சா விநாடிக்குப் பத்து தடவைன்னு போட்டிருந்தா, ஒரு விநாடியில 30 டெசிபல் ஏறும். அது முணுமுணுப்புலருந்து கூச்சலுக்குப் போற தூரம். நான் போடற அளவு இதுதான்: ஒரு அமுக்கலுக்கு 2 டெசிபல். அமுக்கிப் பிடிச்சா அரை விநாடி கழிச்சுத்தான் தொடர்ந்து ஏற ஆரம்பிக்கணும், அதுவும் விநாடிக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம். இறங்கும்போது இதைவிட வேகமா இறங்கட்டும். சத்தம் குறைவா இருந்தா யாரும் பதற மாட்டாங்க, கத்தினாத்தான் உடனே குறைக்கணும்.

வைஃபையில ஓடற டேப்லெட்டைப் பேனலா வெச்சிருந்தா இன்னொண்ணு பாரு. அமுக்கினதுக்கு ஒரு தகவல் போகும், விரலை எடுத்ததுக்கு இன்னொரு தகவல் போகும். நெட்வொர்க் தடுமாறி இரண்டாவது போய்ச் சேரலைன்னா, புராசஸர் இன்னும் அமுக்கிட்டே இருக்காங்கன்னு நினைச்சு ஏத்திக்கிட்டே போகும். "தானா ஏறுது, பேய் பிடிச்சிருக்கு"ன்னு சொல்ற ரூம்கள்ல இதைத்தான் முதல்ல சோதிக்கணும். எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தாலும் 3 விநாடியில ஏத்தறது தானா நிக்கணும்னு ஒரு டைம்அவுட் போட்டுட்டா தீர்ந்தது.

சின்ன ரூம்ல ஆம்பும் இருக்காது, டிஎஸ்பியும் இருக்காது. பேனல் நேரா டிவியோட வால்யூமை ஏத்தி இறக்கும். ஐஆர் வழியாப் போனா, அமுக்கிப் பிடிச்ச நேரத்துக்கு ரிமோட் சிக்னல் திரும்பத் திரும்பப் போகும். என்இசி வகை ரிமோட்ல சுமார் 110 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. அரை விநாடி விரலை வெச்சாலே நாலஞ்சு படி ஏறிடும். ஹெச்டிஎம்ஐ சிஇசி வழியாப் போனா, 'எடுத்தாச்சு'ங்கிற தகவல் விட்டுப்போற அதே தொல்லை அங்கேயும் வரும். டிவியில ஆர்எஸ்-232 போர்ட்டோ நெட்வொர்க் கன்ட்ரோலோ இருந்தா, "ஒரு படி ஏத்து"ன்னு சொல்றதை விட்டுட்டு "25ல வை"ன்னு எண்ணைச் சொல்லி அனுப்பற முறைக்கு மாறிடு. ஹோட்டல் மோடு இருக்கிற டிவியா இருந்தா, மேக்ஸிமம் வால்யூமையும் ஆன் ஆகும்போது இருக்க வேண்டிய வால்யூமையும் அதுலயே பூட்டி வைக்கலாம்.

தாமதமும் சென்சிட்டிவ் மாதிரியே தெரியும்

இது கண்ணுக்குச் சட்டுனு தெரியாது, அதனால கொஞ்சம் நிதானமாக் கேளு. விரல் நகர்ந்து முடிஞ்ச பிறகு சத்தம் வந்து சேருதுன்னா, மனுஷன் என்ன செய்வான்? ஏறலைன்னு நினைச்சு இன்னும் தள்ளுவான். அப்புறம் மொத்தமும் சேர்ந்து வந்து விழும். பதறிப்போய்க் கீழே இழுப்பான், அதுவும் தாமதமா வந்து மொத்தமா அடங்கிடும். புகார்ல எழுதறது என்னவோ "சென்சிட்டிவ்"னுதான்.

காரணம் பெரும்பாலும் வரிசை நெரிசல். டிஎஸ்பிக்கு 9600 பாட் சீரியல் கேபிள் வழியாக் கட்டளை போகுதுன்னு வெச்சுக்கோ. அதுல ஒரு விநாடிக்கு 960 எழுத்துதான் போகும். ஒரு கட்டளை 40 எழுத்துன்னா விநாடிக்கு 24 கட்டளை. ஸ்லைடரை இழுக்கும்போது பேனல் விநாடிக்கு 50 எண் அனுப்பினா, இரண்டு விநாடி இழுவைக்கு 100 கட்டளை. எல்லாம் போய்ச் சேர 4 விநாடிக்கு மேல ஆகும். விரலை எடுத்து இரண்டு விநாடி கழிச்சும் சத்தம் மாறிக்கிட்டே இருக்கும். இதுக்கு மருந்து: 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, அந்த நேரத்துல இருக்கிற கடைசி எண்ணை மட்டும் அனுப்பு, நடுவுல வந்த பழைய எண்களைத் தூக்கிப் போடு. டிஎஸ்பி திருப்பி அனுப்பற பதில் எண்ணை, விரல் ஸ்லைடர்மேல இருக்கிற வரைக்கும் பேனல் கண்டுக்கக் கூடாது. இல்லைன்னா பழைய பதில் வந்து குமிழைப் பின்னுக்கு இழுக்கும், விரல் முன்னுக்கு இழுக்கும், ஸ்லைடர் நடுங்கும். ஒரே ஹாலுக்கு இரண்டு பேனல் இருந்தா இந்த இழுபறி இன்னும் மோசம்.

இதெல்லாம் பார்த்தும் அடங்கலைன்னா கண்ணாடிக்கு வா. பேனல் தானா வேற பட்டனையும் அமுக்குதான்னு பாரு. யாரோ ஒட்டின ஸ்கிரீன் கார்டு ஓரத்துல எழும்பியிருந்தா உரிச்சுடு. சானிடைசர் கையோட தொட்ட பிசுக்கை, மைக்ரோஃபைபர் துணியை லேசா நனைச்சுத் துடை, கண்ணாடிமேல நேரா ஸ்பிரே அடிக்காதே. பழைய அழுத்து வகை ஸ்கிரீனா இருந்தா செட்டப் பக்கத்துல கேலிபரேஷன் இருக்கும், ஒரு தடவை ஓட்டிடு.

பேனல்மேல பழி விழற இன்னொரு காரணம், வர்ற சோர்ஸே ஏறியிறங்கறது. ஒருத்தர் லேப்டாப் வால்யூம் 20ல இருக்கும், அடுத்தவர் 100ல வந்து கேபிளைச் செருகுவார். யுஎஸ்பில வர்ற கால் ஒரு சத்தம், ஹெச்டிஎம்ஐல வர்ற வீடியோ ஒரு சத்தம். டிஎஸ்பியில ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியா டிரிம் வெச்சு எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வா. லேப்டாப்லயும் கால்லயும் வால்யூமை மேலே வெச்சிட்டு பேனல்ல மட்டும் ஏத்தி இறக்கச் சொல்லி ஒரு சின்ன ஸ்டிக்கர், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், கேபிள் பக்கத்துல ஒட்டு. வெண்டரோட பேசும்போது எக்கோ கேன்சலருக்கான ரெஃபரன்ஸ் சிக்னலை வால்யூம் பிளாக்குக்குப் பின்னாடி எடுத்திருக்கான்னும் கேட்டுக்கோ. முன்னாடி எடுத்திருந்தா, வால்யூமை மாத்தும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அவங்க குரலே எதிரொலிக்கும்.

முடிச்சதும் சோதிக்காம ரூமை விட்டு வராதே. இன்னொரு ரூம்லருந்து ஒருத்தரை நிஜமாவே கால் பண்ணிப் பேசச் சொல்லு. போன்ல ஒரு சவுண்ட் மீட்டர் ஆப் போட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலியிலயும் கடைசி நாற்காலியிலயும் உக்காந்து பாரு. ஒரு மீட்டர் தள்ளி உக்காந்து சாதாரணமாப் பேசற குரல் சுமார் 60 டெசிபல். அந்தப் பக்கத்துக் குரல் 65லருந்து 70க்குள்ள கேட்டா நல்லா இருக்கும். போன் ஆப் துல்லியமா இருக்காது, ஆனா இரண்டு நாற்காலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிடும். அந்த அளவையே மீட்டிங் தொடங்கும்போது தானா வர்ற வால்யூமா வை. முந்தின மீட்டிங்ல யாரோ ஏத்தி வெச்சது அடுத்தவங்க காதுல வெடிக்கக் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வயசானதால, இல்ல உள்காதுக் கோளாறால காது மந்தமானவங்க நிறைய பேருக்கு மெல்லிய சத்தம் கேக்காது, ஆனா கொஞ்சம் ஏறினாலே பொறுக்க முடியாத கூச்சலாத் தெரியும். கேக்கறதுக்கும் வலிக்கறதுக்கும் நடுவுல அவங்களுக்கு இருக்கிற இடமே குறுகலானது. அந்த இடத்துல நிறுத்த முடியாத வால்யூமைக் கொடுத்தா, அவங்க கூட்டத்துல பேசாம உக்காந்துட்டு வெளியே வந்து பக்கத்துல இருந்தவங்ககிட்ட "என்ன முடிவாச்சு?"ன்னு கேப்பாங்க. ஹியரிங் எய்டு போட்ட ஒருத்தரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே ஏத்தி இறக்கச் சொல்லிப் பாரு. அவருக்குச் சரியா வந்தா எல்லாருக்கும் சரியா வரும்.

புரோகிராம்ல கை வைக்க உனக்கு அனுமதி இல்லைன்னா, வெண்டருக்கு "வால்யூம் சரியில்லை"ன்னு ஒரு வரி எழுதாதே. ரீஸ்டார்ட் பண்ணிட்டு டிக்கெட்டை மூடிடுவாங்க. இப்படி எழுது: "சரியான சத்தத்துக்கு ஸ்லைடர் 65 சதவீதத்துல நிக்குது, 60க்குக் கீழே ஒண்ணும் கேக்கல, 75க்கு மேல தாங்கல. ஆம்ப்ல 18 டெசிபல் குறைச்சு, வால்யூம் பிளாக்கோட எல்லையை மைனஸ் 30லருந்து பிளஸ் 6க்குள்ள சுருக்கணும். பட்டனுக்கு 2 டெசிபல். பிடிச்சு அமுக்கினா 3 விநாடியில நிக்கணும். ஸ்லைடர் தட்டினா தாவக் கூடாது." கூடவே, கம்பைல் பண்ணாத சோர்ஸ் ஃபைலையும் டிஎஸ்பி ஃபைலையும் ஆபீஸுக்கு ஒரு காப்பி கேட்டு வாங்கி வை. அது இல்லாம வெண்டர் மாறினா முதல்லருந்து எழுதணும்.

நீயே மாத்தறதா இருந்தா, பழைய அளவு எல்லாத்தையும் முதல்ல போன்ல படம் பிடி, ஃபைலைச் சேமி, மீட்டிங் எல்லாம் முடிஞ்ச பிறகு சாயந்திரம் லோடு பண்ணு. ஆம்ப் குமிழ் நிக்கிற இடத்துல ஒரு துண்டு டேப் ஒட்டி கோடு போடு. எல்லை, படி அளவு, தொடக்க வால்யூம், தேதி எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ரேக் கதவோட உள்பக்கம் ஒட்டிடு. சத்தம் பத்தலைன்னு யாராவது வந்து ஆம்பை முழுசாத் திருகப் போனா, அந்தத் தாள் முதல்ல அவங்க கண்ணுல படணும்.